தோற்ற பக்கத்துக்கு ஒரு கப்

ஹாஜியாரின் புடவைக் கடைக்குள் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு ஏறி, ஒரு பிள்ளைக்கு மட்டும் சட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட முடியாது. மற்றப் பிள்ளையின் முகத்தை அவர் பார்த்துவிடுவார். உடனே மேசையின் கீழ்த் தட்டில் கை போகும். சட்டைப் பையில் மடித்து வைக்கிற கைக்குட்டை, எங்கள் பேச்சில் லேஞ்சி, ஒன்று வெளியே வரும். "இந்தா மனே, இது உனக்கு. வெறுங்கையோட போகப்படா." பிள்ளை வாங்கிக்கொள்ளும்வரை தாயின் பொட்டலத்தைக் கட்டமாட்டார்.

அவருக்கும் வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கல்முனையில் யாரும் அதைப் பாவித்து நான் கேட்டதில்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்த நாளிலிருந்து ஹாஜியார்தான். ஊரில் வேறு ஹாஜியார்மாரும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தெருவின் பெயரோ வியாபாரத்தின் பெயரோ ஒட்டிக்கொள்ளும். இவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

அவருடைய மூன்று பெண்மக்களுக்கும் மூன்று வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டித்தான் மாப்பிள்ளை எடுப்பது, அதில் புதினமில்லை. ஆனால் இவர் கட்டிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதிய பரீட்சைத் தாள்கள் மாதிரி இருந்தன. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே பச்சைப் பெயின்ற். ஒரு மகள் நீலம் வேண்டுமென்று அழுதும் பார்த்தாளாம். நடக்கவில்லை. இரண்டாவது மருமகன் கல்யாணம் முடித்த புதிதில் மூத்தவளின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மச்சினியைக் கண்டு வெளியே ஓடிவந்த கதையை ஊர் பல காலம் சொல்லிச் சிரித்தது. ஹாஜியாரும் சேர்ந்து சிரித்தார். பெயின்றை மட்டும் மாற்றவில்லை.

நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும்போது அகப்பைக்குப் பக்கத்தில் நிற்பார். ஒரு பாத்திரத்துக்கு இறைச்சித் துண்டு கொஞ்சம் கூடப் போனால் அவருக்கு அன்று நோன்பு திறந்த மாதிரியே இராது. இப்படிப்பட்ட மனிதரைக் கூடைப்பந்து மைதானத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

எழுபதுகளில் எங்கள் பகுதிக் கொலிஜ்களுக்கிடையில் வருடாவருடம் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். சீமெந்துத் தளம் போட்ட மைதானம் மிஷன் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இருந்தது. எங்கள் முஸ்லிம் கொலிஜில் மணல். மணலில் பந்து எழும்பாது. ஆனாலும் இறுதி ஆட்டத்துக்கு எப்படியோ நாங்கள் வந்துவிடுவோம், வந்து மிஷன்காரரிடம் தோற்போம். அப்படித் தோற்று, பெனியனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாஜியாரின் கடையடியால் நடந்துபோன ஒரு கூட்டத்தை அவர் ஒரு தடவை கண்டிருக்கிறார். அடுத்த வருடமே ஒரு கப்போடு போய் நின்றார். சிறந்த ஆட்டக்காரருக்கான கப். கப்போடு ஒரு சான்றிதழும் உண்டு. ஆருக்கு என்பதை அவர்தான் சொல்லுவார் என்பது நிபந்தனை.

அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. எந்த வளையத்துக்குள் பந்து விழுந்தாலும் கைதட்டுவார். பக்கத்தில் இருப்பவர், "ஹாஜியார், அது அவங்கட கோல்" என்று சொன்னால், "விழுந்திச்சிதானே?" என்று கேட்பார். தன் மடியில் ஒரு துவாயில் சுற்றிய கப்பை வைத்துக்கொண்டு, முன்வரிசைக் கதிரையில் இருந்து, இரண்டு பக்கத்துக்கும் கை வலிக்கத் தட்டுவார். ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்தில் ஆர் நன்றாக விளையாடியது என்று விசாரித்து, அவனைக் கூப்பிட்டுக் கப்பைக் கொடுப்பார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஒரு வருடம் மிஷன்காரர் வெளியூர் அணியொன்றிடம் தோற்றார்கள். கப் மிஷனுக்குப் போனது. ஆக, அவர் எங்கள் ஆள் என்பதற்காக எங்களுக்குத் தருகிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் அதிபரின் அறைக் கண்ணாடி அலுமாரியில் சிறந்த ஆட்டக்காரர் கப்புகள் வரிசையாக நின்றன. சம்பியன் கப் ஒன்றுகூட இல்லை. வந்து பார்க்கிற கல்வி அதிகாரிகள், "இவ்வளவு நல்ல ஆட்டக்காரர் இருந்துமா?" என்று கேட்பார்கள். அதிபர் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுவார்.

இந்த வழக்கத்தை எதிர்த்து நேருக்கு நேர் கதைத்தவர் மிஷன் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர். நல்ல மனிதர். மெதடிஸ்ற் கிறிஸ்தவர், நத்தார்ப் பண்டிகைக்கு ஹாஜியாரின் கடையில்தான் புடவை எடுப்பார். அப்படி எடுக்க வந்த ஒரு நாள், நான் என் உம்மாவோடு கடையில் நிற்கையில், பேச்சு அதில் வந்து முட்டியது.

"ஹாஜியார், நீங்க குடுக்கிறது திறமைக்கா, தோல்விக்கா?"

"சேர், வெண்ட பொடியன் நல்லா எறிஞ்சான் எண்டு வைங்க. அவனுக்குப் பந்தக் குடுத்தது ஆரு? மத்தப் பொடியன். அப்ப அது எல்லாருக்கும் சேந்த கப். அவங்களுக்கு அது கிடைச்சிட்டு. தோத்தவன்ட கையில என்ன இரிக்கி?"

"அப்ப, வெண்ட பக்கத்துலதான் நல்ல ஆட்டக்காரன் இருந்தா? அவன் வெண்டதுதான் அவன்ட குற்றமா?"

"அவன் சந்தோசமா வீட்ட போவான் சேர். அவனுக்கு நான் எதுக்கு?"

"அவன்ட பேர் எங்க இருக்கும் ஹாஜியார்? சம்பியன் கப்புல பள்ளிக்கூடத்துட பேர்தானே வெட்டிக் கிடக்கு?"

ஹாஜியார் துணியை அளந்துகொண்டே சிரித்தார். "சேர், நீங்க படிப்பிக்கிறவர். புள்ளி போடுவீங்க. நான் புடவ விக்கிறவன். எனக்கு முகம்தான் தெரியும்."

மாஸ்டரின் பிள்ளைகளுக்கு அன்று ஆளுக்கொரு லேஞ்சி போனது.

ஊரிலும் இரண்டு கட்சி இருந்தது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர், வென்ற அணியில் ஒருவனுக்குத்தான் கொடுக்க வேண்டும், அவன் இல்லாமல் எப்படி வென்றது என்பார். இன்னொருவர், தோற்கிற அணியைத் தனியே இழுத்துக்கொண்டு ஓடுபவன்தான் உண்மையான ஆட்டக்காரன் என்பார். எனக்கு அப்போது இரண்டுமே சரியாகப் பட்டது. நான் விளையாடிய விளையாட்டுக்கு எந்தக் கட்சி வென்றாலும் எனக்குக் கப் வரப்போவதில்லை.

வரவேண்டியவன் ஜவாத்.

ஜவாத் என் வகுப்பு, எங்கள் வளவுக்கு அடுத்த வளவு. அவர்கள் வீட்டுத் தென்னையில் ஒரு இரும்பு வளையத்தை அடித்துவைத்து, அஸர் தொழுகை முடிந்ததும் இருட்டும்வரை எறிவான். எறிய முன் பந்தைக் கொஞ்சம் தட்டி, உள்ளங்கையில் ஒரு ஊது ஊதிவிட்டு எறிவான். ஃபவுலுக்காகத் தனியே நின்று எறிகிற ப்ரீ த்ரோவை அவன் தவறவிட்டு நான் கண்டதே குறைவு. நாங்கள் பிழை விட்டாலும் அவன் ஏசமாட்டான். திரும்பவும் பந்தை எங்களுக்கே தருவான்.

அவனுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அது கடைசி வருடம். கீழே இரண்டு தங்கச்சிமார். மூத்த தங்கச்சிக்கென்று வாப்பா தொடங்கிய வீடு இடுப்பளவு சுவரோடு நின்றது. அதற்குள் ஆடு கட்டியிருந்தார்கள். அம்பாறைக்கு அங்கால் ஒரு ஆலையில் கூடைப்பந்து அணி வைத்திருக்கிறார்கள், விளையாடத் தெரிந்த பொடியன்களுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் வாய்ச்சொல் போதாது. சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். இதை ஜவாத் எனக்கு மட்டும்தான் சொன்னான்.

அந்த வருடம் அவன் விளையாடிய விளையாட்டை மிஷன் பள்ளிக்கூடத்துப் பொடியன்களே வாய் பிளந்து பார்த்தார்கள். நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். இந்த முறை வெல்லுவோம் என்று முதல் தடவையாக ஊர் நம்பியது. ஆட்டத்துக்கு முதல் நாள், என்னையும் கூட்டிக்கொண்டு ஜவாத் ஹாஜியாரின் கடைக்குப் போனான். ஒரு காற்சட்டைத் துணியை எடுத்துத் தடவிப் பார்த்தான், வாங்கவில்லை.

"ஹாஜியார், நாளைக்கி நாங்க வெண்டா, உங்கட கப் அங்காலதானா?"

"ஓம் மனே. அதானே நம்மட வழக்கம். சம்பியன் கப்பத் தூக்கிட்டு வாங்க, இன்ஷா அல்லாஹ். மத்தது அவங்களுக்கு. பாவம்தானே, அவங்க நம்மளிட்ட முதல் முறையாத் தோக்கப் போறாங்க."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்காகவும் சந்தோஷப்பட்டார், தோற்கப்போகிற மிஷன்காரருக்காக முன்கூட்டியே கவலையும் பட்டார். ஜவாத், "சரி ஹாஜியார்" என்றான்.

அடுத்த நாள் ஆட்டத்தை முழுக்கச் சொல்லப் போவதில்லை. சொல்லத் தொடங்கினால் நான் போட்ட ஒரேயொரு கோலையும் சேர்த்துவிடுவேன். கடைசி விநாடிகளில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். ஜவாத் வளையத்தடிக்குப் பாய்ந்தான், மிஷன் பள்ளிக்கூடத்து நெட்டைப் பொடியன் அவனைத் தள்ளிவிட்டான். விசில். இரண்டு ப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் நாங்கள் சம்பியன். ஒன்று விழுந்தால் சமன், மேலதிக நேரம்.

நான் கோட்டோரத்தில் நின்றேன். ஜவாத் பந்தைத் தட்டினான், உள்ளங்கையில் ஊதினான். முன்வரிசையில் ஹாஜியார் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, கைதட்டுவதற்குத் தயாராக இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார். முதல் பந்து வளையத்தில் பட்டுச் சுழன்று வெளியே விழுந்தது. எங்கள் பக்கம் 'யா அல்லாஹ்' என்றது. ஜவாத் இரண்டாவது பந்தை வாங்கினான். இந்த முறை ஊதவில்லை. எறிந்தான். பந்து பலகையில் மட்டும் பட்டது. நெட்டைப் பொடியன் அதைப் பிடித்துக்கொள்ள, நீண்ட விசில் ஊதினார்கள்.

யாரும் ஜவாதைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரம் எங்களைக் கொண்டுவந்தவனே அவன்தானே. எங்கள் கப்டன் மட்டும் மைதானத்தின் நடுவில் குந்தியிருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதான். ஹாஜியார் யாரையும் விசாரிக்கவில்லை, நேரே ஜவாதின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கப்பையும் சான்றிதழையும் கொடுத்து, அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "மனே, கவலப்படாத. நீ வெறுங்கையோட போகல்ல." மிஷன் பொடியன்களும் கைதட்டினார்கள். அந்த வருடம் மட்டும்தான் இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஆளுக்கு அந்தக் கப் போனது.

ஜவாதுக்கு வேலை கிடைத்தது. அவன் புறப்பட்டுப் போனபின் ஒரு நாள் அவனுடைய உம்மா ஒரு தட்டில் தொதல் இனிப்போடு கடைக்கு வந்தா. நான் அங்கே சாறன் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹாஜியார், உங்கட கப்பாலதான் எங்கட புள்ளைக்கி வேல. அந்தச் சேட்டிபிக்கட் இல்லாட்டி எடுக்கவே மாட்டம் எண்டவங்களாம். வெண்டிருந்தா கப் அங்கால போயிரிக்கும் எண்டு அவன் சொன்னான். அல்லாஹ் செய்த வேல, தோத்ததும் நல்லதுக்குத்தான்."

அவ கள்ளமில்லாமல் சொன்னா. ஹாஜியார் துணி அளந்துகொண்டிருந்தார். கையில் இருந்த முழக்கோல் அப்படியே நின்றது.

"சேட்டிபிக்கட்டா? எனக்கு ஒத்தரும் செல்லல்லியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப அவன் முதல் நாள் வந்து என்னட்டக் கேட்டது..."

அதை அவர் முடிக்கவில்லை. ஜவாதின் உம்மா போன பிறகும் அந்தத் துணியை அவர் வெட்டவில்லை. நான் இறங்கப் போகையில் கூப்பிட்டார்.

"மனே, நீ பக்கத்துல நிண்டவன். அந்தப் பந்து விழாமப் போனதா, அவன் விழ விடல்லியா?"

"விழாமப் போனது ஹாஜியார். கை நடுங்கிட்டு."

"மெய்தானா?"

"மெய்தான்."

அவர் நம்பினாரா தெரியாது. எனக்கே தெரியாததை நான் எப்படி நம்பும்படி சொல்லியிருப்பேன்?

அதன் பிறகு அவர் மாறிப்போனார். அடுத்த போட்டிக்கு முன் தானே மிஷன் மாஸ்டரைத் தேடிப் போனாராம். "சேர், நீங்க சொன்னதுதான் சரி. கப்ப நான் வாங்கித் தாறன். ஆருக்கெண்டு நீங்க பாருங்க. கடைசி ஆட்டத்துக்கு முன்னுக்கே முடிவெடுத்து வைங்க. ஆர் வெண்டாலும் ஆர் தோத்தாலும் அது மாறப்படா." மாஸ்டர் காரணம் கேட்டதற்கு, "வயசு போகுது சேர்" என்று மட்டும் சொன்னாராம். ஆட்டம் பார்க்க வந்தார். முன்வரிசையில்தான் இருந்தார். ஆனால் எந்த வளையத்தில் விழுந்தாலும் கைதட்டவில்லை. எறிகிற பொடியனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் சம்பியன் ஆகவில்லை. அதுவும் அவரைத் தின்றது.

அந்த இறுதி ஆட்டத்தில் விளையாடிய எங்களில் எவர் கடைக்குப் போனாலும் ஹாஜியாரின் கை மேசையின் கீழ்த் தட்டுக்குப் போகும். நாங்கள் தாடி வளர்ந்த ஆட்கள். நானே அப்போது ஒரு கந்தோரில் கிளார்க். ஆனாலும் சாறன் எடுத்தால் ஒரு லேஞ்சி. பெருநாளைக்குச் சேட் எடுத்தால் ஒரு லேஞ்சி. "ஹாஜியார், வேணா, வீட்ட நிறையக் கிடக்கு" என்றால், "இரிக்கட்டும் மனே" என்பார். என் வீட்டு அலுமாரியில் ஒரு பெட்டி நிறைய லேஞ்சி இருந்தது. எங்கள் கப்டன் ஊரில் பெரிய கடைக்காரனாகி, கார் வைத்திருந்த காலத்திலும் லேஞ்சியோடுதான் இறங்கிப் போனான். எனக்கு மட்டும் லேஞ்சியோடு அந்தக் கேள்வியும் வரும். "விழாமப் போனதுதானே மனே?" "ஓம் ஹாஜியார்." சிரித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். ஒரு பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று தொடங்கிய வழக்கம், ஒரு அணியின் கப்பைப் பறித்து, ஒரு நல்ல பொடியனைக் கள்ளனாக்கிவிட்டதோ என்று அவர் தனக்குள் வைத்துக் குமைந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவாதின் மூத்த தங்கச்சிக்குக் கல்யாணம். இடுப்பளவில் நின்ற வீடு ஓடு போட்டு, வெள்ளையடித்து நின்றது. ஜவாத் லீவில் வந்திருந்தான். ஆலை அணியில் அவன்தான் கப்டன். ஃபவுல் கிடைத்தால் அவன் எறிய முன்பே ஸ்கோர்காரர் புள்ளியை எழுதிவிடுவாராம். வந்த அன்றே எனக்குச் சொல்லிப் பெருமையடித்தான். ஹாஜியாருக்குக் கல்யாணம் சொல்ல நாங்கள் இருவரும் போனோம். அவர் நன்றாக மெலிந்திருந்தார். மணமகளுக்குப் புடவை எடுத்து வைத்தார், இளைய தங்கச்சிக்கும் அதே விலையில் ஒன்று எடுத்து வைத்தார். பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு, "மனே, ஒருக்கா அந்த வளையத்தடிக்கு வாவன்" என்றார்.

அஸருக்குப் பிறகு மிஷன் மைதானம் வெறுமையாகக் கிடந்தது. காவல்காரரிடம் ஒரு பழைய பந்து கிடைத்தது. ஹாஜியார் முன்வரிசைக் கதிரை இருக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"ரெண்டு எறி பாப்பம்."

ஜவாத் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோட்டில் நின்று பந்தைத் தட்டினான், உள்ளங்கையில் ஊதினான், எறிந்தான். வளையத்தின் முன்விளிம்பில் பட்டு அவன் காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டாவது பலகையில் பட்டுப் பக்கவாட்டில் ஓடியது.

"பாத்தீங்களா ஹாஜியார்? இந்த எறி எனக்கு எப்பயும் சரிவாறதில்ல. ஆலையிலயும் இதுக்குத்தான் ஏச்சு வாங்குற."

ஹாஜியாரின் கண்கள் நிரம்பியிருந்தன. பிறகு கைதட்டத் தொடங்கினார். விழாத பந்துக்கு ஒரு மனிதர் அப்படிக் கைதட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே, மஃரிபுக்கு நேரமாகிறது என்று பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

அவர் மதில் திரும்பும்வரை ஜவாத் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு எறியத் தொடங்கினான். ஒவ்வொன்றாக, ஒன்று தவறாமல் உள்ளே விழுந்தது.

"அண்டைக்கி?" என்று கேட்டேன்.

"முதலாவது மெய்யாத் தவறிட்டு மச்சான். கை நடுங்கிட்டு." பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "ரெண்டாவத நான்தான் விட்டன். தங்கச்சிட சுவர்தான் கண்ணுக்குள்ள நிண்டிச்சி. உங்க எல்லார்ட முகத்தயும் பாக்க எனக்கு இன்னம் ஏலா. ஹாஜியாருக்கு மட்டும் செல்லிராத."

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்று இன்றும் சில வேளை யோசிப்பேன்.

கல்யாணம் முடிந்து சில நாளில் ஒரு சாறன் எடுக்க ஹாஜியாரின் கடைக்குப் போனேன். மருதமுனைக் கைத்தறிச் சாறன் ஒன்றை எடுத்துக் காட்டினார், பொட்டலம் கட்டினார், மழையைப் பற்றிக் கதைத்தார். கேள்வி வரவில்லை. பொட்டலத்தை என் கையில் தந்தார். நான் பழக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். அவர் கை மேசையின் கீழ்த் தட்டுக்குப் போகவில்லை.

"என்ன மனே, எதையும் மறந்துட்டியா?"

"இல்ல ஹாஜியார்" என்றேன்.

முதல் தடவையாக அந்தக் கடையிலிருந்து லேஞ்சி இல்லாமல் இறங்கினேன்.